பழைய கித்தாரும் புதிய பதிப்பும்



இன்று கித்தாரைப் பற்றிப் பேசப் போகிறோம். சேமநிதி, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்க, கித்தாருக்கு என்ன அவசரம் என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். இதுவும் வீட்டுப் பணத்தைப் பற்றிய பேச்சுத்தான். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டால் அது விளங்கும்.

ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டை நினைத்துக்கொள்வோம். தகப்பனார் செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறார். மகன் செனவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். ஓய்வு நாளில் நண்பர்களோடு சேர்ந்து கோவில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் கித்தார் வாசிக்கிறான். ஒருநாள் அவன் ஒரு படத்தைக் காட்டி, "அம்மா, இது எழுபதாம் ஆண்டு நிறைவுக்காகச் செய்த கித்தார். கொஞ்சம்தான் செய்திருக்கிறார்கள். இப்போது விட்டால் பிறகு கிடைக்காது. நாளைக்கு விலையும் ஏறும்," என்கிறான். தாயார் படத்தைப் பார்க்கிறார், விலையையும் பார்க்கிறார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "ஏன் தம்பி, இதை வாசிக்கிறதுக்கு வாங்குறியா, பூட்டி வைக்கிறதுக்கு வாங்குறியா?"

அந்தத் தாயார் கேட்டதுதான் இன்றைய பேச்சின் மையம். அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் மூன்று செய்திகள் தெரிய வேண்டும். பழைய மின்கித்தார்களுக்கு அவ்வளவு மதிப்பு எப்படி வந்தது? அவற்றையே மறுபடியும் செய்து ஆண்டு நிறைவு என்று விற்கிறார்களே, அதன் பொருள் என்ன? நம் போன்ற குடும்பங்கள் அதை எப்படிப் பார்க்க வேண்டும்?

முதலில் மின்கித்தார் எப்படிப் பாடுகிறது என்பதைப் பார்ப்போம். சாதாரண மரக்கித்தாரில், தந்தியின் அதிர்வை உள்ளே வெற்றிடமாக இருக்கும் பெட்டி வாங்கிப் பெரிதாக்குகிறது. வீணையின் குடம் செய்கிற வேலையும் அதுவே. மின்கித்தாரின் உடலோ பெரும்பாலும் கட்டியான மரப்பலகை. அதில் ஒலி பெருகுவதற்கு இடமில்லை. அதற்குப் பதிலாகத் தந்திகளுக்குக் கீழே சிறிய காந்தங்கள் இருக்கும். அவற்றைச் சுற்றித் தலைமயிர் போன்ற மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். இதற்குப் பிக்கப் என்று பெயர். எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அதிரும்போது செம்புச் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. சைக்கிள் விளக்குக்கு டைனமோ வைத்திருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதில் சக்கரம் சுழல விளக்கு எரிந்தது. இதில் தந்தி அதிர ஓசை பிறக்கிறது. இரண்டிலும் வேலை செய்வது மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டு கண்டறிந்த ஒரே தத்துவம். இந்தச் சிறு மின்சாரத்தை ஒலிபெருக்கி பெரிதாக்கித் தருகிறது. நைலான் தந்தி போட்டால் காந்தம் அதை உணராது, பிக்கப்பும் பேசாது.

இந்த முறையில் அமைந்து கடையில் நன்றாக விற்ற முதல் கித்தார் 1932-இல் அமெரிக்காவில் வந்தது. ஜார்ஜ் பீச்சம் என்ற இசைக்கலைஞரும் ரிக்கன்பேக்கர் என்ற தொழிலதிபரும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தார்கள். மடியில் கிடத்தி வாசிக்கும் கருவி அது. வட்டமான உடலும் நீண்ட கைப்பிடியுமாக இருந்ததால் மக்கள் அதை வாணலி என்றே அழைத்தார்கள்.

அடுத்து வந்தவர்தான் நம் கதையில் முக்கியமானவர். அவர் பெயர் லியோ பெண்டர். 1909-இல் பிறந்தவர், கணக்குப் படித்தவர், கலிபோர்னியா மாநிலத்தில் புல்லர்டன் என்ற ஊரில் 1938-இல் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்தவர். வியப்பான செய்தி என்னவென்றால், அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஊரிலுள்ள இசைக்கலைஞர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளை அவரிடம்தான் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார்கள். கருவி எங்கே உடைகிறது, எது கைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்பதையெல்லாம் அவர்கள் வாயால் கேட்டு அறிந்துகொண்டார்.

அதனால் அவர் செய்த கித்தாரில் பழுது பார்க்கிறவரின் புத்தி தெரிந்தது. கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் இறுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். 1950-இல் அந்தக் கித்தார் பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்தது. அந்தப் பெயரைப் போன்ற ஒரு பெயரை வேறொரு நிறுவனம் தன் மேளங்களுக்கு முன்பே வைத்திருந்ததால், 1951-இல் பெயரை விட வேண்டியதாயிற்று. சில மாதங்கள் பெயரே இல்லாமல் கித்தார்கள் வெளியே போயின. பிறகு, அப்போது புதிதாகப் பரவிய தொலைக்காட்சியை நினைவூட்டும் வகையில் டெலிகாஸ்டர் என்று பெயரிட்டார்கள். பெயர் இல்லாமல் போன அந்தச் சில கித்தார்களை இன்று சேகரிப்போர் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. பழைய கித்தாரின் கூர்மையான விளிம்பு விலாவில் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் குறை சொல்லியிருந்தார்கள். அதனால் இதன் உடலை வளைத்துச் செதுக்கினார்கள். பிக்கப் மூன்று வைத்தார்கள். கையால் அழுத்தினால் சுரம் அசைகிற ஒரு கைப்பிடியும் சேர்த்தார்கள். நம் தாயார் பார்த்த படம் இதனுடையதுதான். அன்றைக்கு அதன் விலை 249 டாலர் 50 சென்ட். அமெரிக்க விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால், 2024ஆம் ஆண்டுப் பணத்தில் அது ஏறத்தாழ 2,900 டாலர் ஆகிறது. ஆக, அது பிறந்தபோதும் மலிவுப் பொருளாக இருந்ததில்லை. ஆனாலும் அது கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்யப்படவில்லை. இரவு முழுதும் நின்று வாசித்துப் பிழைக்கிற கலைஞனின் வேலைக் கருவியாகவே செய்யப்பட்டது. பால்மரம் வெட்டுகிறவருக்குக் கத்தி எப்படியோ, அவருக்கு அது அப்படி.

இன்னொரு கித்தாரின் கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. கிப்சன் என்ற பழைய நிறுவனம் 1952-இல், லெஸ் பால் என்ற புகழ்பெற்ற கலைஞரின் பெயரில் ஒரு மின்கித்தாரை வெளியிட்டது. 1957-இல் அதில் புதுவகைப் பிக்கப் வந்தது. சேத் லவர் என்ற பொறியாளர் இரண்டு சுருள்களை இணைத்து, மின்சாரத்தால் வரும் இரைச்சலை அடக்கினார். 1958-இல் முகப்புக்குச் சூரியன் மறையும் நேரத்து வானம்போல் செம்மஞ்சள் நிறம் பூசினார்கள். இன்று உலகம் தலையில் வைத்துக் கொண்டாடும் கித்தார் அது. ஆனால் அன்று அது சரியாக விற்கவில்லை. 1959-இல் அவ்வகை ஏறத்தாழ 650 மட்டுமே வெளியே போயின. 1960-இல் அதை நிறுத்தியே விட்டார்கள்.

பிறகு என்ன நடந்தது? விற்காமல் போன அந்தக் கித்தார்கள் பழைய பொருள்களாகக் குறைந்த விலைக்கு இளம் கலைஞர்களின் கைக்குப் போயின. 1966-இல் எரிக் கிளாப்டன் என்ற ஆங்கில இளைஞர், ஜான் மேயாலின் குழுவோடு செய்த இசைத்தட்டில் அத்தகைய கித்தாரை வாசித்தார். அந்த ஓசையைக் கேட்டவர்கள் எல்லாம் அதே கித்தாரைத் தேடினார்கள். 1968-இல் நிறுவனம் லெஸ் பால் கித்தாரை மறுபடியும் செய்யத் தொடங்கியது. 1959ஆம் ஆண்டின் அசல் கித்தார் ஒன்று இன்று பல இலட்சம் டாலருக்குக் கைமாறுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கித்தார் அரிதானது எவரும் திட்டமிட்டதால் அன்று. வாங்க ஆளில்லாததால் குறைவாகச் செய்தார்கள். வாசித்தவர்களின் திறமையால் மதிப்பு வந்தது. இரண்டுக்கும் இடையில் காலம் ஓடியது. குறைந்த எண்ணிக்கை, கலைஞனின் கை, நீண்ட காலம் என்ற மூன்றும் தற்செயலாகச் சேர்ந்ததன் விளைவுதான் அந்த விலை.

இந்த அலை நம் பக்கத்துக்கும் வந்தது. பிரிட்டனில் கிளிப் ரிச்சர்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்த ஷேடோஸ் குழுவில் ஹேங்க் மார்வின் என்பவர் சிவப்பு நிற ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாசித்தார். 1961 நவம்பரில் அவர்கள் சிங்கப்பூரில் வந்து வாசித்தபோது இளைஞர்கள் திரண்டார்கள். அதன்பின் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எண்ணற்ற கித்தார் குழுக்கள் தோன்றின. அவற்றுக்கு மலாயில் குகிரான் என்றே பெயர் வந்தது; துள்ளலிசைக் கித்தார் குழு என்பது அதன் பொருள். நம்மவர்களும் பின்தங்கவில்லை. பினாங்கின் டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதனும் பாடிய அலிகேட்ஸ் குழு, மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ் பெற்றது. 2007-இல் லோகநாதன் மறைந்தபோது எல்லா இனத்தவரும் வருந்தினார்கள். தோட்டங்களிலும் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மேடை போட்டு, திரைப்பாடல்களை வாசித்த குழுக்கள் இருந்தன. அந்தக் குழுக்களில் பலரிடம் விலையுயர்ந்த அமெரிக்கக் கித்தார் இல்லை. கிடைத்ததை வைத்துக்கொண்டு பாடினார்கள். ஊர் கேட்டு மகிழ்ந்தது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். பழையதை மறுபடியும் செய்து விற்பது எப்படித் தொடங்கியது?

1965-இல் லியோ பெண்டர் தம் நிறுவனத்தைச் சி.பி.எஸ். என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 13 மில்லியன் டாலருக்கு விற்றார். அதன்பின் வந்த கித்தார்களில் பழைய தரம் இல்லை என்று கலைஞர்கள் குறைபட்டார்கள். பழையதைத் தேடி வாங்கினார்கள். 1979-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்கென்று ஒரு கித்தார் வெளியிட்டார்கள். முதலில் பூசிய வெண்முத்து நிறப் பூச்சில் வெடிப்புக் கண்டது. அதனால் மீதியை வெள்ளி நிறத்தில் செய்ய வேண்டியதாயிற்று. ஆண்டு நிறைவு என்ற பெயர் மட்டும் தரத்துக்கு உறுதியாகாது என்பதற்கு இது போதிய சான்று.

1982-இல் நிலைமை மாறியது. பழைய கித்தார்களை அளந்து பார்த்து, 1952ஆம் ஆண்டு டெலிகாஸ்டரையும் 1957, 1962ஆம் ஆண்டுகளின் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் அதே அமைப்பில் செய்யத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் ஜப்பானிலும் அத்தகைய கித்தார்கள் செய்யப்பட்டன. 1985-இல் நிறுவனத்தில் வேலை செய்தவர்களே மற்றவர்களோடு சேர்ந்து அதை வாங்கிக்கொண்டார்கள். 1994-இல் நாற்பதாம் ஆண்டு நிறைவு வந்தது. அப்போது செய்த சிறப்புக் கித்தார்களின் எண்ணிக்கை சரியாக 1,954. 2014-இல் அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு வந்த சிறப்புப் பதிப்பும் 1,954தான்.

ஏன் இரண்டாயிரம் இல்லை? ஏன் ஆயிரத்து ஐந்நூறு இல்லை? 1954 என்ற ஆண்டை எண்ணிக்கையாக மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மரம் தீர்ந்து போனதாலோ, வேலை தெரிந்தவர் இல்லாததாலோ அந்த எண் வரவில்லை. விற்பவர் மேசையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த எண் அது. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. தெரிந்து வாங்குகிறவருக்கு அது அழகான நினைவுப் பொருள். ஆனால் 1959-இல் தானாக நேர்ந்த அருமையும், பிற்காலத்தில் திட்டமிட்டு உண்டாக்கிய அருமையும் ஒன்றல்ல. 1959-இல் எவரும் அந்தக் கித்தாரைப் பெட்டியில் பூட்டிப் பாதுகாக்கவில்லை. பல உடைந்தன, பல தொலைந்தன. மிஞ்சியவற்றுக்கு விலை ஏறியது. இப்போதைய சிறப்புப் பதிப்பையோ, வாங்குகிறவரில் பலர் பத்திரமாகவே வைத்திருக்கிறார்கள். எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் எளிதில் அரிதாகாது.

2024-இல் எழுபதாம் ஆண்டு நிறைவுக்கு ஒரே கித்தார் வரவில்லை. மிக விலையுயர்ந்தது முதல் மெக்சிகோவில் செய்த குறைந்த விலைக் கித்தார் வரை பல வகைகள் அந்தப் பெயரில் வந்தன. ஆகவே ஆண்டு நிறைவு என்ற சொல் ஒன்று, குறைந்த எண்ணிக்கை என்ற சொல் வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசும்போதுதான் வாங்குகிறவர் தடுமாறுகிறார்.

மறுபதிப்பில் அசலின் எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்கலாம். தோட்டத்து மக்களுக்கு இதை விளக்குவது எளிது. நல்ல பால் தரும் தாய்மரத்திலிருந்து மொட்டு எடுத்து, கன்றில் ஒட்டிக் கட்டி நட்டதை நாம் அறிவோம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்கள் அப்படித்தான் காடு காடாகப் பரவின. ஒட்டுக்கன்றில் தாய்மரத்தின் குணம் இருக்கும். ஆனால் தாய்மரத்தின் வயது இருக்காது. அது நின்ற மண்ணும், அதை வெட்டிய கையும் இருக்காது. மறுபதிப்புக் கித்தாரும் அப்படித்தான். பிக்கப் சுருள், துணி சுற்றிய உள்கம்பி, கழுத்தின் பருமன், பழைய வகைப் பூச்சு, பெட்டியின் துணி வரை அதே மாதிரி செய்ய முடியும். எழுபது ஆண்டுகள் வாசித்துத் தேய்ந்த கழுத்தை மட்டும் தொழிற்சாலை செய்ய முடியாது.

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. 1995 முதல், புத்தம் புதிய கித்தாரைச் சுரண்டி, பூச்சை உரித்து, இரும்பைத் துரு ஏற்றி, பழையதுபோல் ஆக்கி அதிக விலைக்கு விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் உண்டு. புதுச் சட்டையை முழங்கையில் கிழித்துவிட்டுக் கூடுதல் விலை கேட்டால் நம் பாட்டிமார் என்ன சொல்வார்களோ, அதை நேயர்களின் கற்பனைக்கே விட்டுவிடுவோம்.

மரத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய கித்தார்கள் பலவற்றின் விரல் பலகைக்குப் பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தைப் பயன்படுத்தினார்கள். அளவின்றி வெட்டியதால் அந்த மரம் அழியும் நிலைக்கு வந்தது. 1992 முதல் அதன் வாணிபத்தை அனைத்துலக உடன்பாடு கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே மறுபதிப்புகளில் பெரும்பாலும் இந்திய ஈட்டி போன்ற வேறு மரங்களே வருகின்றன. நீலகிரியிலும் வயநாட்டிலும் வளரும் மரம் அது. இதை ஒரு குறையாக நினைக்க வேண்டியதில்லை. காட்டை அழித்துவிட்டு அசலைப் போற்றுவதில் பொருளில்லை.

இனி மூன்றாவது கேள்வி. நம் குடும்பங்கள் இதை எப்படிப் பார்க்க வேண்டும்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் செய்த மறுபதிப்பு ஒன்றின் விலை ஈராயிரம் டாலருக்கு மேல். நம் பணத்தில் எட்டாயிரம் ரிங்கிட் அளவில் வரும். நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்து மாதம் உண்ணாமல், உடுக்காமல், பஸ் ஏறாமல் இருந்தால் அந்தப் பணம் சேரும். அதற்குமேல் ஒலிபெருக்கி வேண்டும், கம்பி வேண்டும், தந்தி வேண்டும். தவணையில் எடுத்தால் வட்டியும் சேரும். விலை ஏறும் என்று நம்பி வாங்கினால், வட்டியைவிட வேகமாக விலை ஏற வேண்டும். அதற்கு எவரும் உறுதி தர முடியாது. அவசரத்துக்கு விற்கப் போனால், வாங்குகிறவர் சொல்வதுதான் விலை.

அப்படியானால் நம் பிள்ளைகள் நல்ல கித்தாருக்கு ஆசைப்படவே கூடாதா? அப்படிச் சொல்ல நாம் வரவில்லை. இசையில் ஆசை வைப்பது நல்ல ஆசை. பெண்டர் நிறுவனமே 1982 முதல் ஸ்குவையர் என்ற பெயரில் விலை குறைந்த கித்தார்களை விற்கிறது. அவற்றில் பல நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் செய்யப்படுகின்றன. ஸ்குவையருக்கும் 2022-இல் நாற்பதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பு வந்தது. அதே உடல் அமைப்பு, அதே மூன்று பிக்கப், அதே தத்துவம். கற்றுக்கொள்கிறவருக்கும், வார இறுதியில் மேடை ஏறுகிறவருக்கும் அது தாராளமாகப் போதும். வாசித்துச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, அந்த வருமானத்திலிருந்தே மேலானதை வாங்கலாம்.

சிறப்புப் பதிப்பு வாங்கியே தீருவது என்று முடிவு செய்தவர்கள் கடைக்காரரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். மொத்தம் எத்தனை செய்தார்கள்? எண் சொல்லாமல் குறைந்த எண்ணிக்கை என்று மட்டும் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. வழக்கமான கித்தாரிலிருந்து இதில் எது மாறியிருக்கிறது? பிக்கப்பும் கழுத்தும் மாறியிருக்கின்றனவா, அல்லது பின்புறத்தில் ஒரு முத்திரைத் தகடு மட்டும் புதிதா? தொடர் எண்ணைச் செய்தவரிடம் சரிபார்க்க முடியுமா? புகழ்பெற்ற பெயர்களில் போலிக் கித்தார்கள் உலவுகின்றன. படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புவது ஆபத்து. கையில் எடுத்து, கழுத்து நேராக இருக்கிறதா, மெட்டுகள் விரலைக் கீறாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒலிபெருக்கியில் இணைத்து வாசித்துக் கேட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் விரைவில் துருப்பிடிக்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. இது புதியதை வாங்குவது பற்றியது அன்று. பழையதைக் காப்பது பற்றியது. பால்மரக் காடுகள் செம்பனைக்கு மாறின. பல தோட்டங்கள் வீட்டு மனைகளாகின. குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. அப்படி மாறும்போது எத்தனையோ பொருள்கள் குப்பைக்குப் போயின. உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவோ மாமாவோ ஒரு காலத்தில் வாசித்த பழைய கித்தார் இருக்கலாம். அது அறுபதுகளில் ஆசியாவில் பரவிய டைஸ்கோ, குயாடோன் போன்ற ஜப்பானியக் கித்தாராக இருக்கலாம். பெயரே தெரியாத ஒன்றாகவும் இருக்கலாம். அதைத் தூக்கி எறிய வேண்டாம். பளபளக்க வேண்டும் என்று புதிதாகச் சாயம் பூசவும் வேண்டாம். அசல் கித்தாருக்கு மறுபூச்சுப் பூசினால் விலை பாதியளவு குறைந்துவிடும் என்பது பழைய கித்தார் வணிகத்தில் பொதுவான கணக்கு. கெட்ட உறுப்பை மாற்றினாலும் கழற்றியதைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.

அந்தக் கித்தார் பெரிய விலைக்குப் போகும் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலும் போகாது. ஆனால் அதை யார் வாசித்தார், எந்தத் தோட்டத்தில், எந்தத் திருவிழாவில், கூட யார் தபேலா வாசித்தார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள். தொழிற்சாலை தருகிற சான்றிதழில் எண் மட்டும்தான் இருக்கும். இந்தத் தாளில் உங்கள் குடும்பமே இருக்கும். தோட்டம் இல்லாமல் போனாலும் அங்கே பாட்டு இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

நிறைவாக, நம்மவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஆந்திராவில் பாலகொல்லு என்ற ஊரில் 1969-இல் பிறந்த உ. சீனிவாஸ், மேல்நாட்டு மின்மேண்டலினைக் கையில் எடுத்தார். எட்டுத் தந்தி இருக்க வேண்டிய கருவியில் ஐந்து தந்தி மட்டும் வைத்து, கர்நாடக இசையின் கமகங்களைப் பேச வைத்தார். 2014-இல் அவர் மறையும்வரை மேண்டலின் என்றால் உலகம் அவரைத்தான் நினைத்தது. அவர் எவருடைய ஆண்டு நிறைவுப் பதிப்புக்கும் காத்திருக்கவில்லை. கருவியைத் தமக்கு ஏற்றதாக மாற்றிக்கொண்டு உழைத்தார். கருவிக்கே அவரால் புகழ் வந்தது.

மறுபடியும் ரந்தாவ் வீட்டுக்குப் போவோம். தாயார் கேட்ட கேள்விக்கு மகன் என்ன பதில் சொல்வான்? "வாசிக்கத்தான் அம்மா," என்று சொன்னால், தன் சம்பளத்துக்கு அடங்கிய ஒரு நல்ல கித்தாரை அவன் வாங்கட்டும். தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கட்டும். கழுத்து தேயத் தேய, பூச்சு மங்க மங்க, அந்தக் கித்தார் அவனுடையதாகும். இன்னும் நாற்பது ஆண்டுகள் கழித்து அவன் பேரப்பிள்ளை அதை எடுத்துப் பார்த்து, இது எங்கள் தாத்தாவின் கித்தார் என்று சொல்லும் நாள் வந்தால், அதுதான் அந்தக் கித்தாருக்கு உண்மையான ஆண்டு நிறைவு.